இல்லை சொல்லத் தெரியாத சர்வர்

குரு நசீமாவுக்கு வயது முப்பத்தைந்து. சீடர் தெய்வசிகாமணி ஐம்பதைத் தாண்டியவர். தாடி வைத்தவர்தான் குருவாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. இந்தக் கதையில் தாடி சீடருக்குத்தான் இருந்தது. அதுவும் சவரம் செய்யச் சோம்பல்பட்டு வளர்ந்த தாடி.

கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் நசீமா ஓர் அறை எடுத்திருந்தாள். பள்ளிக்கூடம், ஜவுளிக்கடை, சங்கம் என்று பலருடைய இணையதளங்களை அங்கிருந்து பார்த்துக்கொண்டாள். தளத்தை அழகாகச் செய்துகொடுப்பவர்கள் வேறு ஆட்கள். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அந்தப் பக்கம் அவர்களிடம் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது இவள் வேலை. கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். அது எதைக் கேட்டால் எதைக் கொடுக்க வேண்டும் என்ற விதிகளை எழுதிவைக்க வேண்டும். விதி ஒரு வரி பிசகினால் ஊரே கெட்டது.

தெய்வசிகாமணி கேபிள் டிவி கட்டுப்பாட்டு அறையில் காலம் தள்ளியவர். ஊரார் எல்லாரும் உள்ளங்கையிலேயே படம் பார்க்க ஆரம்பித்ததும் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். வேலை கற்றுக்கொடுங்கள் என்று நசீமாவிடம் வந்து நின்றார். அவர் அவளை டீச்சர் என்றார், அவள் அவரை அண்ணே என்றாள். கற்றுக்கொள்வதில் மனிதர் சளைக்கவில்லை. சாப்பிடும்போதுகூட விதிகளைப் படித்துக்கொண்டிருப்பார். சொன்னதைத் திரும்பச் சொல்ல வைக்க மாட்டார்.

வந்த புதிதில் ஒருநாள் கேட்டார்.

“டீச்சர், இதுல முதல் பாடம் எது?”

நசீமா தன் தளத்தின் முகவரியோடு வாய்க்கு வந்த எழுத்துகளைச் சேர்த்துத் தட்டினாள். வெள்ளைத் திரையில் ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று வந்தது.

“இதுதான்.”

“இது கோளாறாச்சே டீச்சர்.”

“இது பதில்.”

தெய்வசிகாமணிக்கு அது ஒப்பவில்லை. அவர் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள். நம் வீடுகள் பலவற்றில் இருக்கும் வழக்கம்தான். உப்பு தீர்ந்துபோனால் உப்பு நிறைஞ்சிருக்கு என்பாள் அவர் மனைவி பூங்கோதை. அரிசிக்கும் அதே பேச்சு. கை நீட்டி வருபவரிடம் கூட அடுத்த வீடு பாருங்க என்பார்களே ஒழிய, அந்தச் சொல் வராது. சொன்னால் அது வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்று பயம். பகல் முழுக்க ஒரு மெஷின் வருவோர் போவோரிடமெல்லாம் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது அவருக்கு என்னவோ போல இருந்தது. வெளியே சொல்லவில்லை.

பூங்கோதை பிறந்தது பக்கத்து மீனவக் குப்பத்தில். அந்த ஊர்ச் சங்கத்தின் தளத்தை நசீமாவிடம் கொண்டுவந்து சேர்த்தவர் தெய்வசிகாமணிதான். முகப்பில் படகுகளின் படம், சங்கத் தலைவர் தாமோதரன் மாலையோடு நிற்கும் படம், மேலே பெரிய எழுத்தில் ‘வருக வருக’. உள்ளே தனித்தனி அறைகள் மாதிரி சில உட்கோப்புறைகள். ஒன்றில் திருவிழாப் படங்கள், ஒன்றில் சங்க விதிகள். இன்னொன்றின் பெயர் கடல்.

மற்றவை எல்லாம் ஒப்புக்கு. கடல் மட்டும்தான் காரியத்துக்கு ஆகிற அறை. கடலுக்குப் போகலாமா கூடாதா என்ற எச்சரிக்கை அங்கே ஏறும். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அதைப் படிப்பதற்கென்றே ஒரு செயலி செய்து ஊரார் போனில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எச்சரிக்கை இருந்தால் போன் சிவப்பாகும். எச்சரிக்கை எதுவும் காணோம் என்றால் பச்சை. பக்கமே கிடைக்கவில்லை, சர்வர் இல்லை என்கிறது என்றால் ஆலைச் சங்கு மாதிரி அலறும். அலறினால் யாரும் இறங்கக் கூடாது, சங்கத்தில் போய்க் கேட்க வேண்டும். பிள்ளைகள் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஐப்பசியில் நசீமாவின் உம்மா திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நசீமா உடன் இருக்கப் போனாள். அறையும் சர்வர்களும் தெய்வசிகாமணியின் பொறுப்பில் வந்தன.

அவள் போன சில நாளில் தாமோதரனிடமிருந்து போன். வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவருக்குச் சங்கத் தளத்தைப் பெருமையாகத் திறந்து காட்டியிருக்கிறார். பழைய இணைப்பு ஒன்றை அமுக்கப் போக, ‘இந்தப் பக்கம் இல்லை’ என்று வெள்ளையாக வந்து நின்றிருக்கிறது. சங்கத்தின் பேரில் இப்படி ஒரு அபசகுனச் சொல் வரலாமா, பார்க்கிறவன் என்ன நினைப்பான், நீங்கள் எங்கள் ஊர் மாப்பிள்ளையாக இருந்துகொண்டு இதைக் கவனிக்க வேண்டாமா என்று பிடித்துக்கொண்டார். தெய்வசிகாமணிக்கு அவர் பேசியது ஒவ்வொன்றும் தன் மனசுக்குள் இருந்ததை எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்றைக்கே விதிகளில் ஒரு வரி சேர்த்தார். கேட்ட பக்கம் இருந்தால் கொடு. எது இல்லையோ அதற்குப் பதில் முகப்பைக் கொடு. கொடுக்கும்போது எல்லாம் நலம் என்று சொல்லிக் கொடு. ஒரே வரி. எழுதி முடித்ததும் இல்லாத முகவரி ஒன்றைத் தட்டிப் பார்த்தார். ‘வருக வருக’ என்று வந்தது. மனிதருக்கு உண்மையிலேயே சந்தோஷம். வீட்டில் விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்பாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஒரு நிறைவு.

நசீமாவிடம் போனில், தலைவர் ஒரு குறை சொன்னார், சரி செய்துவிட்டேன் என்றார். என்ன குறை, எப்படிச் சரி செய்தார் என்று அவள் கேட்கவில்லை. உம்மாவுக்கு அன்று மூச்சுத் திணறல்.

பழைய சர்வர் தள்ளாடிக்கொண்டிருந்தது. எல்லாத் தளங்களையும் புதியதற்கு மாற்றியாக வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு நசீமாவே மாற்றினாள். விதிகளை அப்படியே படியெடுத்தாள். மாலையில் தெய்வசிகாமணியை அழைத்து, சங்கத் தளத்தின் உள்பக்கம் ஒவ்வொன்றும் வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். அவர் கண்காணிப்புத் திரையைப் பார்த்தார். எல்லா உட்கோப்புறைக்கும் நேரே எல்லாம் நலம் என்ற பச்சைப் புள்ளி.

“எல்லாம் வருது டீச்சர். பச்சையா இருக்கு.”

“திறந்து பாத்தீங்களா?”

“பச்சையா இருக்கு டீச்சர்.”

சரி என்று அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்றும் இல்லை. எங்கோ கண்ணுக்கு எட்டாத தூரத்தில் சுழன்ற புயல் ஒன்று பெரிய அலைகளைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட அலை வரும்போது கரையில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிவதற்காகத்தான் எச்சரிக்கை. எச்சரிக்கையைச் சங்கச் செயலாளர் ஒழுங்காக எழுதி ஏற்றியிருந்தார். ஊரார் போன்களில் பச்சை வந்தது. படகுகள் இறங்கின.

பல படகுகள் அடிபட்டுத் திரும்பிவிட்டன. ஒன்று திரும்பவில்லை. அதில் மூன்று பேர். ஒருவன் கலியமூர்த்தி, பூங்கோதையின் கூடப்பிறந்த தம்பி.

சேதி கேட்டு நசீமா கிடைத்த முதல் பேருந்தைப் பிடித்து வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தெய்வசிகாமணி திரையின் முன்னால் உட்கார்ந்து தளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தார்.  கலியமூர்த்தி அவர் தோளில் ஏறி விளையாடிய பிள்ளை. அவன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டது இவர். தேடப் போன படகுகள் இன்னும் கரைக்கு வரவில்லை. கடலில் விட்டுவந்த வலைகளை எடுக்கப் பிற்பகலில் மற்றப் படகுகள் இறங்கும். அந்தப் படகுக்காரர்களும் போனைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

“தளம் நல்லா இருக்கு டீச்சர். ஒரு கோளாறும் இல்ல. செயலிதான் கெட்டுப்போச்சு போல.”

“கடலைத் திறங்க.”

திறந்தார். ‘வருக வருக’ என்று வந்தது. தாமோதரன் மாலையோடு சிரித்தார்.

“வருதே டீச்சர்.”

“எது வருது?”

தெய்வசிகாமணி திரையைப் பார்த்தார். அப்போதுதான் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து அந்தப் பக்கத்தைப் பலமுறை திறந்திருக்கிறார், பக்கம் வந்ததே போதும் என்று மூடியிருக்கிறார். அது கடலின் பக்கம் அல்ல, முகப்பு.

நசீமா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தள முகவரியோடு ‘கல்யாணச் சாப்பாடு’ என்று சேர்த்துத் தட்டினாள். வருக வருக. ‘பேய்வீடு’ என்று தட்டினாள். அதற்கும் வருக வருக. பிறகு விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

“இந்த உலகத்துல இல்லாத எதையாவது கேளுங்கண்ணே.”

 அவர் செத்துப்போன தன் அப்பாவின் பெயரைத் தட்டினார்.

வருக வருக என்றது சர்வர். எல்லாம் நலம் என்ற குறியோடு.

தெய்வசிகாமணி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இதுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியல,” என்றாள் நசீமா. “யாரு சொல்லிக்கொடுத்தது?”

“நான்தான் டீச்சர்.”

சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் போன் செய்தது, தனக்கும் அது சரி என்று பட்டது, ஒரு வரி எழுதியது, எழுதிவிட்டுச் சந்தோஷப்பட்டது. நசீமா விதிகளைத் திறந்து அந்த வரியைத் தேடி எடுத்தாள். முதல் பக்கத்திலேயே இருந்தது.

மீதிக் கோளாறு அவளுக்கு உடனே புரிந்தது. கடல் என்ற அறையில் தாள் எதுவும் கிடையாது. செயலாளர் எழுதும் எச்சரிக்கை வேறு ஓர் இடத்தில் இருந்தது. அங்கே போய் எடுத்து வா என்று சொல்லும் சீட்டு ஒன்று மட்டும் அறை வாசலில் ஒட்டியிருந்தது. பழைய சர்வர் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று சீட்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகும். புதியது வேகமானது. தெருவாசலில் எழுதிய விதி ஒன்றுதான் அதற்குத் தெரியும், அறைச் சீட்டை ஏறெடுத்தும் பார்க்காது. கடலைக் கேட்டார்கள், உள்ளே போய்ப் பார்த்தது, எதுவும் இல்லை. இல்லை என்று வந்து சொல்லியிருந்தால் ஊர் போன்கள் எல்லாம் அலறியிருக்கும். ஆனால் இல்லாததற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அதற்கு ஒரு வரி எழுதியிருந்தது. அதன்படி சிரித்த முகத்தோடு வந்து வரவேற்றது. எச்சரிக்கை எதுவும் காணோம் என்று செயலி பச்சை காட்டியது.

நசீமா அந்த வரியை அழிக்கப் போனாள். தெய்வசிகாமணி அவள் கையைப் பிடிக்காத குறைதான்.

“டீச்சர், மொதல்ல கடல் அறையைச் சரி பண்ணிடுவோம். அப்புறம் வரியை எடுக்கலாம். இப்ப எடுத்தா ஊர்ல எல்லா போனும் அலறும்.”

“அலறட்டும்.”

“ஜனங்க ஏற்கெனவே நொந்து கிடக்காங்க.”

“பச்சை காட்டுது அண்ணே. இப்பவும் காட்டுது.”

வரியை அழித்தாள். கடற்கரையில் படகு இறக்கத் தயாராகிக்கொண்டிருந்தவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலறின. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், குழந்தைகள் அழுதன. யாரும் படகைத் தள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் அறைச் சீட்டில் இருந்ததைத் தெருவாசல் விதியில் எழுதி, சர்வரை மறுபடி ஓடவிட்டு, கடலைத் திறந்து, வரிவரியாகப் படித்துப் பார்த்தாள். சிவப்பு வந்தது. வர வேண்டிய நேரம் கடந்து வந்த சிவப்பு.



“இது யார் தப்பு டீச்சர்?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

நசீமா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள், முக்காட்டைச் சரி செய்துகொண்டாள், படியிறங்கிப் போனாள். அவர் பின்னாலேயே போனார். இருவரும் பேருந்து ஏறினார்கள்.

குப்பத்தில் சங்கக் கொட்டகை நிறைந்திருந்தது. கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். போன் கெட்டுப்போச்சு என்று ஒரு பக்கம், பிள்ளைகள் செய்த செயலி சரியில்லை என்று ஒரு பக்கம் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நசீமா நடுவில் போய் நின்றாள்.

“காலைல உங்க போன்ல வந்த பச்சை பொய்,” என்றாள். “செயலாளர் எச்சரிக்கை எழுதியிருந்தார். அது உங்ககிட்ட வராம போனது என் சர்வர்னால. மாத்தறப்போ ஒவ்வொரு விதியையும் நான் படிச்சிருக்கணும். படிக்காம விட்டேன்.”

முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கொட்டகை எழுந்து நின்றது. அவள் மீது மண்ணை வாரி இறைத்தாள் ஒருத்தி. படகில் போன இன்னொருவனின் தாய் அவள். நசீமா விலகவில்லை. கண்ணில் விழுந்ததைத் துடைத்துக்கொண்டு நின்றாள். கேட்டவர்களுக்கெல்லாம் திரும்பச் சொன்னாள். வேறு யார் பெயரும் அவள் வாயில் வரவில்லை.

தாமோதரன் தூணோரம் நின்றிருந்தார். அந்தச் சொல் வேண்டாம் என்று சொன்னவர் அவர். வாயைத் திறக்கவில்லை. அந்த வரியை எழுதியவர் அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். தெய்வசிகாமணியும் வாயைத் திறக்கவில்லை. எதிரே அவர் மனைவி பூங்கோதை உட்கார்ந்திருந்தாள். அதுதான் காரணம். அதைக் காரணம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த நாள்களில் கடல் இரண்டு பேரைப் பிணமாகத் திருப்பிக் கொடுத்தது. தெற்கே ஒரு ஊரில் ஒருவன், அதற்கும் தெற்கே இன்னொருவன். கலியமூர்த்தி வரவில்லை. படகின் முன்பாகம் மட்டும் பெயரோடு கிடைத்தது.

பூங்கோதை அழவில்லை. நீச்சல் தெரிந்தவன், எந்தக் கப்பலிலாவது ஏற்றியிருப்பார்கள், எந்த ஊர் ஆஸ்பத்திரியிலாவது கிடப்பான் என்றாள். வந்தவர்களும் அதையே சொன்னார்கள். வந்துடுவான், வந்துடுவான் என்றுதான் வாசலுக்கு வாசல் பேச்சு. அழுதால் அவனுக்கு ஆகாது என்று தம்பி பெண்டாட்டியையும் அழ விடாமல் அதட்டி வைத்திருந்தாள். உலையில் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டாள். போடும்போது நசீமாவைத் திட்டினாள். அந்தப் பாவி நல்லா இருப்பாளா, அவள் கை விளங்குமா, அவள் பெத்தவளும் இப்படிக் கிடந்து துடிக்க வேணாமா என்று அடிவயிற்றிலிருந்து திட்டினாள். அந்தச் சோற்றைத்தான் தெய்வசிகாமணி தின்றார். ஒவ்வொரு வசவும் ஆளைத் தப்பி அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. மனிதர் கெட்டவரில்லை. கோழை. அந்த வாரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை.

மறுபடி திருச்சிக்குப் போயிருந்த நசீமா, உம்மாவுக்கு ஓரளவு தேவலை என்று திரும்பி வந்த காலையில் தெய்வசிகாமணி அறைக்குப் போனார். கடலோரக் காவல் அதிகாரி முந்தின நாள் தாமோதரனையும் அவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். தேடுவதை நிறுத்திவிட்டோம், இந்த நீரில் இத்தனை நாள் எவனும் தாங்க மாட்டான், வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது, இப்போது போய்ச் சொல்ல வேண்டாம் என்றார் தாமோதரன். சொல்லாமல் இருப்பது போதாதென்று, தளத்தில் ஒரு வரி போடும்படியும் தெய்வசிகாமணியிடம் சொல்லியிருந்தார்.

நசீமா வேலையாக இருந்தாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

“டீச்சர், தலைவர் முகப்புல ஒரு வரி போடச் சொல்றார்.”

“என்ன வரி?”

“தேடுதல் நடந்துக்கிட்டிருக்குன்னு.”

“நடக்குதா?”

“இல்லை.”

அவள் திரும்பிப் பார்த்தாள். தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை.

“அப்ப போட முடியாது,” என்றாள்.

“நானும் அதைத்தான் அவர்கிட்ட சொல்லணும். அதை எப்படியாவது சொல்லிடுவேன்.” அவர் சன்னல் பக்கம் போனார், திரும்ப வந்தார். “வீட்லதான் டீச்சர். தினமும் அவ என் முகத்தைப் பாக்கறா. தம்பி வந்துடுவான்லன்னு கேக்கறா. வந்துடுவான்னு சொல்றேன். அவ போய் உலை வைக்கறா.”

“அழுதாங்களா?”

“ஒரு சொட்டு கெடையாது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. ராத்திரில தூங்கறதில்ல.”

 அவர் மறுபடி ஆரம்பித்தார்.

“உங்களைத் திட்டறா டீச்சர். காது கொடுத்துக் கேக்க முடியல.”

“என்னைத்தானே திட்டறாங்க. உங்களுக்கு ஏன் கஷ்டமா இருக்கு?”

தெய்வசிகாமணி உட்கார்ந்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், மருந்துக்கடை மாடியில், தன்னைவிட இளையவள் முன்னால், சத்தம் வராமல் அழுதார். நசீமா அவரைத் தேற்றவில்லை. எழுந்து போகவும் இல்லை. கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அழுது ஓய்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் தெளிந்திருந்தது.

“அவகிட்ட ரெண்டு சொல்லணும் டீச்சர். அவன் இல்லைன்னு சொல்லணும். அது என்னாலன்னு சொல்லணும். எதை மொதல்ல சொல்றது?”

“இல்லைங்கறதை மொதல்ல சொல்லுங்க,” என்றாள் நசீமா. “அவங்க அழட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் பக்கத்துலயே இருங்க.”

“அப்புறம்?”

“அழுது முடிச்சு, எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. அப்ப எழுந்து வெளியே போயிடாதீங்க.”